பூசணம் பூத்த தீவனம்

கேள்வி (ஆரணியிலிருந்து): அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மாமா 'இது எலி மருந்தாச்சே' என்று சொன்னதிலிருந்து அப்பா மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். மாமா சொல்வது நிஜமா?

பதில்: மாமா சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அப்பா மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து முழுசாக வரும். ஆகவே முதலில் மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். கதையை அப்புறம் சொல்லுங்கள்.

கதை மாட்டில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட டகோட்டாவிலும் மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு சீவினால் ரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது. காயமே படாத மாடும் தோலுக்கடியில் ரத்தம் கட்டி விழும். தொற்றுநோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த பிராங்க் ஸ்கோஃபீல்ட் மாட்டை விட்டுவிட்டு மாட்டுத் தீவனத்தைப் பார்த்தார். அந்த ஊர்களில் ஸ்வீட் க்ளோவர் என்ற செடியை அறுத்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். நம் வெந்தயத்துக்கும் குதிரைமசாலுக்கும் அது நெருங்கிய உறவு. ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் பூசணம் பூத்த தண்டுகளையும் தனித்தனியாகப் பொறுக்கி, தனித்தனி முயல்களுக்குப் போட்டார் ஸ்கோஃபீல்ட். நல்லதைத் தின்ற முயல் துள்ளியது. பூசணத்தைத் தின்றது ரத்தம் கசிந்து செத்தது. கோடிக்கணக்கில் செலவழித்த ஆராய்ச்சியெல்லாம் இருக்கட்டும், இதைப்போலச் சுத்தமான சோதனை மருத்துவ வரலாற்றிலேயே குறைவு!

அடுத்து ரோடரிக் என்ற இன்னொரு கால்நடை மருத்துவர் வட டகோட்டாவில் இருந்துகொண்டு, அந்த மாடுகளின் ரத்தத்தில் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் குறைந்துபோவதைக் காட்டினார். மனிதர்களுக்கான மருந்துகளில் சில கால்நடை மருத்துவர்களின் கண்ணில்தான் முதலில் படுகின்றன. பெயரைத்தான் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். இனியும் எழுதுவேன்.

1933 பிப்ரவரி. கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்த கிடாரி ஒன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு 300 கிலோமீட்டர் ஓட்டி விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனுக்கு வந்தார். சனிக்கிழமை. அரசுக் கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு பல்கலைக்கழக வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் என்பவருடையது. அலுவலகம் மட்டும் அன்று திறந்திருந்தால் இந்த மாத்திரை எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ!

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆய்வகத்தில் வடிகட்டல், காய்ச்சல், படிகமாக்கல். அதைத் தாண்டிவிடுவோம். 1939இல் விஷப்பொருள் படிகமாகக் கையில் கிடைத்தது. டைகூமரால் என்று பெயர். 1940களிலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கவனியுங்கள், எலிக்கு முன்னால் மனிதனுக்கு! லிங்க் 1945இல் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோதுதான், இந்தக் குடும்பத்தில் இன்னும் வீரியமான ஒன்று எலிக்கு உதவும் என்று யோசித்தார். அது 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. அதுதான் வார்ஃபரின். 1951இல் ஓர் அமெரிக்கப் படைவீரர் உயிரை மாய்த்துக்கொள்ள அதைத் தின்று, வைட்டமின் கே கொடுத்ததும் ரத்தம் ஏற்றியதும் பிழைத்துக்கொண்டார். முறிவு இருக்கிற மருந்து என்று டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். மாமாவிடம் சொல்லுங்கள்: அப்பா சாப்பிடுவது அதிபர் சாப்பிட்ட மருந்து.

கேள்வி (அதே ஆரணி, அடுத்த கடிதம்): அந்த ஸ்கோஃபீல்ட் அப்புறம் என்ன ஆனார்?

பதில்: இப்படிக் கேட்பதற்காகவே உங்களுக்கு ஒரு மாட்டை ஓட்டி வந்து கட்டலாம். தீவன ஆராய்ச்சிக்கு முன்னால் அவர் கொரியாவில், சியோல் நகரத்து மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். போலியோவால் கைகால் ஊனம். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. 1919 மார்ச் 1 அன்று மக்கள் விடுதலை கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஸ்கோஃபீல்ட் கேமராவுடன் போய் அதைப் படமெடுத்தார். ஜப்பானியப் படை எரித்த கிராமத்துக்கும் போய்ப் பார்த்து, வெளியுலகுக்குச் சொன்னார். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 33 பேர். கொரியர்கள் இவரை 34ஆம் ஆள் என்கிறார்கள். 1970இல் சியோலிலேயே காலமானார். அங்குள்ள தேசியக் கல்லறையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு கால்நடை மருத்துவருக்கு ஒரு நாடு தந்த மரியாதை அது. மனசு நிறைகிறது.

கேள்வி (தாராபுரத்திலிருந்து): இந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் தண்ணீர் மாதிரி நீர்த்துவிடும் என்கிறார்கள். உடம்பில் தெம்பு குறையுமா?

பதில்: ரத்தம் துளிகூட நீர்க்காது. அதே கெட்டி, அதே சிவப்பு, அதே சத்து. ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று நாம் பழகிவிட்டோம், அவ்வளவுதான். உறைவதற்கு ஆகும் நேரம் நீள்கிறது, வேறொன்றும் மாறுவதில்லை.

நம் ஈரல் உறைவுக்கான புரதங்களைச் செய்கிறது. அவற்றில் நான்கு, வைட்டமின் கே இருந்தால்தான் முழுமையாகும். வைட்டமின் கே ஒருமுறை வேலை செய்ததும் ஓய்ந்துபோகும். அதைப் புதுப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்ப ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. புரதங்கள் வெளியே வரும், ஆனால் கொக்கி வைக்காத அலக்கு மாதிரி எதையும் பற்றி இழுக்காது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிற நல்ல புரதங்கள் தீர்ந்த பிறகுதான் மருந்தின் முழு வேலை தெரியும். அதற்குச் சில நாள் ஆகும். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுவது அதனால்தான். (ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. வைட்டமின் கே கோழிக்குஞ்சுகளில் கண்டுபிடித்தது. பாருங்கள், மறுபடியும் கால்நடை!)

கேள்வி (மாஸ்கோ சரித்திரம் படிக்கும் மதுரை மாணவர்): ஸ்டாலினை வார்ஃபரின் கொடுத்துத்தான் கொன்றார்களாமே?

பதில்: நல்ல சினிமாக் கதை. நிரூபணம் கிடையாது. ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். வயிற்றிலும் ரத்தம் கசிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நெருங்கிய சகா பெரியா விருந்தில் எலி மருந்தைக் கலந்தார் என்று கட்டினார்கள். மேலே சொன்னதைப் படித்தீர்கள் அல்லவா? ராத்திரி விருந்தில் கலந்து விடிவதற்குள் ஆளைச் சாய்க்கிற மருந்து அல்ல இது. அவருக்குப் பல வருஷமாக ரத்தக்கொதிப்பு. அதைக் கவனிக்க வேண்டிய டாக்டர்களையோ அவரே சிறையில் போட்டிருந்தார். கொலைகாரன் வேறு எதற்கு?

கேள்வி (கும்பகோணத்திலிருந்து): முருங்கைக்கீரையை இனி ஜென்மத்துக்கும் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: இல்லை. கீரையில் வைட்டமின் கே நிறைய, அது மாத்திரைக்கு எதிர்வேலை செய்யும், உண்மைதான். அதற்குக் கீரையை ஒழிப்பதா வழி? வழி, அளவு மாறாமல் இருப்பது. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிற வீடு என்றால் அப்படியே சாப்பிடட்டும். டாக்டர் அதற்கேற்ற மாதிரி மாத்திரை அளவை வைப்பார். வம்பு வருவது, மாதம் முழுக்கக் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு ஊருக்குப் போய்ப் பத்து நாள் தினம் கீரை தின்னும்போது. காய்ச்சல் வந்து கஞ்சி மட்டும் குடித்தாலும் வம்புதான், மருந்தின் வேகம் ஏறிவிடும். இரண்டுக்கும் டாக்டரிடம் சொல்லி ரத்தம் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து): பல் பிடுங்க வேண்டும். மாத்திரையை நாலு நாள் நிறுத்தச் சொல்கிறான் தம்பி.

பதில்: தம்பி பல் டாக்டரா? இல்லையென்றால் கேட்காதீர்கள். பல் பிடுங்குமுன் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை செய்து, அளவு எல்லைக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்குவார்கள். ஈறில் ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். நிறுத்தின நாலு நாளில் வால்வில் ரத்தக்கட்டி உருவானால் எதை வைத்து அழுத்துவீர்கள்?

ஐ.என்.ஆர். பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஆளுக்கு அது 1 அருகில் இருக்கும். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு 2 முதல் 3 வரை வைப்பார்கள். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் அதைவிடச் சற்று மேலே. முன்பெல்லாம் ஒவ்வொரு ஆய்வகமும் வெவ்வேறு வீரியமுள்ள ரசாயனத்தை வைத்து ரத்தம் பார்த்தது. சென்னையில் சரி என்று வந்த முடிவு வேலூரில் தப்பாகத் தெரிந்திருக்கும். 1983இல் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொண்டுவந்தது. அந்தக் கணக்கு வராமல் இந்த மருந்தை லட்சக்கணக்கான பேர் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாமல் எந்த டாக்டரிடமும் போகாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே சொல்கிறேன். முட்டி வலித்தால் தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறோமே, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது. தசைக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும் வேண்டாம், வயிற்றில் ரத்தக்கசிவு வரும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் இந்த மாத்திரையின் வேகத்தை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அடியோடு இறக்கும். சித்த மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதுவானாலும் முதலில் இதய டாக்டரிடம் காட்டுங்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்து சிசுவின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மூக்கில் வழியும் ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரி. தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து): மாதாமாதம் ரத்தம் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே, மாறிவிடலாமா?

பதில்: டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான். 2008இலிருந்து ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தவை. பலருக்கு வரப்பிரசாதம். உலோக வால்வு வைத்தவருக்கு மட்டும் கிடையவே கிடையாது. டாபிகாட்ரானை அவர்களிடம் சோதித்தபோது கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது, பாதியில் நிறுத்தினார்கள். சிறுவயதுக் காய்ச்சலுக்குப் பின் வால்வு சுருங்கிப் போகும் ருமாட்டிக் நோயாளிகளிடமும், 2022இல் வெளிவந்த ஆய்வில் ரிவராக்ஸபானைவிடப் பழைய மருந்துதான் உயிரைக் காத்தது. நம் நாட்டில் அந்த நோய் நிறைய. நம் நாட்டிலேயே செய்த வால்வும் உண்டு: திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு. அதை வைத்திருப்பவர்களுக்கும் ஆயுள் முழுக்கப் பழைய மாத்திரைதான்.

பழையதிலும் இரண்டு உண்டு. நம் பக்கம் டாக்டர்கள் அதிகம் எழுதுவது அசினோகூமரால், அசிட்ரோம் என்றால் உங்களுக்குத் தெரியும். அது வார்ஃபரினின் தம்பி, ஆனால் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும். மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிக்கொள்ள முடியாது. மருந்துக்கடையில் 'இது இல்லை, அதே மாதிரி வேறொன்று இருக்கிறது' என்றால் வேண்டாம் என்று திரும்புங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றே ஞாபகம் வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள், நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): கறுவாப் பட்டையில் இதே சத்து இருப்பதால் தினமும் கஷாயம் குடித்தால் மாத்திரையே தேவையில்லை என்கிறார்களே, ஐயா?

பதில்: பட்டையில் இருப்பது கூமரின். ஸ்வீட் க்ளோவரின் வாசனைக்கும் அதுதான் காரணம். வெறும் கூமரினுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கிற சக்தி இல்லை. பூசணம் புகுந்து அதை வேறொன்றாக மாற்றியதால்தான் மாடுகள் செத்தன. போதாததற்கு, உங்கள் இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகமிகக் கொஞ்சம். சீனப் பட்டையில்தான் அதிகம், அதை அளவுக்கு மேல் சாப்பிட்டால் ஈரலுக்குக் கெடுதி. கறுவாவைக் குழம்பில் போடுங்கள், மாத்திரையைத் தனியே போடுங்கள்.

கேள்வி (செங்கத்திலிருந்து): எங்கள் வீட்டு எலி எந்த மருந்துக்கும் சாகவில்லை. எலிக்கே கேட்காத மருந்து மனிதனுக்குக் கேட்குமா? என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாத்திரை, அவருக்கு இரண்டு மில்லிகிராம், எனக்கு நான்கு. ஏன்?

பதில்: எலிகள் 1958லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினைத் தின்று செரித்துவிட்டுப் போனதைக் கண்டார்கள். காரணமான மரபணுவை 2004இல்தான் பிடித்தார்கள். நான் மேலே சொன்ன அந்த நொதியைச் செய்கிற மரபணுதான் அது, மனிதருக்கும் உண்டு. அதில் சிறு மாறுதல் இருந்தால் ஒருவருக்கு அரை மாத்திரை போதும், இன்னொருவருக்கு நாலைந்து மடங்கு வேண்டியிருக்கும். உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே மாறலாம். ஆகவே உங்கள் மாத்திரை தீர்ந்துபோன அன்று அண்ணனுடைய அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள். பத்து நாளைக்கு முன்பே புது அட்டை வாங்கி வையுங்கள். எலிக்கு நல்ல பூனை வளருங்கள்.