குழந்தைத் தோட்டம்

பயிர் செய்வோன் முதலில் மண்ணைப் பண்படுத்துகின்றான். பின்னரே விதையை இடுகின்றான். குழந்தையை வளர்ப்போர் பலர் இம்முறையை மறந்துவிடுகின்றனர். எண்ணும் எழுத்தும் ஆகிய விதைகளை விரைந்து தூவுகின்றனர். அவற்றை ஏற்கும் உள்ளம் பண்பட்டுள்ளதா என்று நோக்குவதில்லை. அன்பு, அச்சம், சினம், ஏக்கம் ஆகிய உணர்ச்சிகள் குழந்தையின் நெஞ்சிலும் எழுகின்றன. அவற்றை நெறிப்படுத்தப் பழக்குதலும் கல்வியேயாகும். இவ்வுண்மையைக் கண்டு, அதற்கெனவே ஒரு சிறு தொழிலைத் தொடங்கிய பெருந்தகை பிரடெரிக் பிரோபெல் ஆவார்.

பிரோபெல் 1782-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவச் சமய குரு, ஓய்வறியாத பணியினர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது அன்னை மறைந்தார். பின்னர் வந்த சிற்றன்னை தொடக்கத்தில் அன்பு காட்டினார். தமக்கென ஒரு மகன் பிறந்ததும் அவ்வன்பு மாறிற்று. அதுவரை உரிமையோடு 'நீ' என்று அழைத்தவர், எதிரே நிற்கும் சிறுவனிடமே, அயலானைச் சுட்டுவதுபோல், படர்க்கைச் சொல்லால் பேசலானார். மாறியது ஒரு சொல்லே. ஆயினும் சிறுவனின் உலகம் இருண்டது. பல்லாண்டு கழித்துத் தம் வரலாற்றை எழுதியபோதும் பிரோபெல் அதனை மறக்கவில்லை. பத்தாம் வயதில் தாய்மாமன் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் அவர் அன்பின் நிழலைக் கண்டார்.

வளர்ந்தபின் பிரோபெல் ஆசிரியரானார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசி என்னும் கல்வியறிஞரிடம் 1808 முதல் 1810 வரை இருந்து கற்றார். கைல்ஹௌ என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். பள்ளிக்கு வரும் முன்னரே குழந்தையின் இயல்பு பெரிதும் உருவாகிவிடுகின்றது என்பதை அவர் தெளிந்தார். ஆகவே, 1837-ஆம் ஆண்டு, தம் 55-ஆம் வயதில், பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். இளங்குழந்தைகளுக்குரிய விளையாட்டுப் பொருள்களைச் செய்வித்து விற்பதும், அவற்றைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிப்பதும் அதன் நோக்கம். அப்பொருள்களுக்குக் 'கொடைகள்' என்று பெயரிட்டார்.

முதற்கொடை, வண்ணக் கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள். தாய் நூலில் கட்டிய பந்தைக் குழந்தையின் கையில் தருவாள், மெல்ல இழுத்துக்கொள்வாள், மீண்டும் தருவாள். இழந்தது திரும்பி வரும் என்னும் நம்பிக்கையை அப்பிஞ்சு நெஞ்சம் இவ்வாறு பெறும். தாயை இழந்த ஒருவர் கண்ட விளையாட்டு இது என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் உருகுகின்றது! மற்றொரு கொடை, எட்டுச் சிறு கட்டைகள் சேர்ந்த ஒரு மரக் கனசதுரம். கட்டிய வீட்டைச் சினந்து தட்டிவிடாமல், கட்டைகளைப் பொறுமையாக இடம் மாற்றியே அடுத்த உருவத்தை அமைத்தல் வேண்டும். சிறுவர் வட்டமாக நின்று கைகோத்து ஆடினர். தோட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி இருந்தது. எல்லார்க்கும் உரிய பொதுப் பாத்தியும் இருந்தது. தன்னதைப் பேணவும் பிறர்க்காக உழைக்கவும் குழந்தைகள் அங்கே பழகினர்.

1840-ஆம் ஆண்டு இந்நிலையத்திற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது 'குழந்தைத் தோட்டம்', என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதனை நிலைநிறுத்தப் பிரோபெல் பங்குகளை விற்க முனைந்தார். பங்கு ஒன்றுக்குப் பத்துத் தாலர் வெள்ளி நாணயம் விலை. எதிர்பார்த்த அளவு பங்குகள் விற்கவில்லை. வரவையும் செலவையும் ஒத்து நோக்கி நடத்தும் திறனும் அவரிடம் குறைவே. பொருள் முட்டுப்பாட்டால் 1844-ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் நிலையம் மூடப்பட்டது.

பிரோபெல் சோர்ந்தாரில்லை. ஊர் ஊராகச் சென்று தம் கருத்தை எடுத்துரைத்தார். இளம் பெண்களுக்குக் குழந்தைக் கல்வியில் பயிற்சி அளித்தார். சிற்றூர்ப் பிள்ளைகளோடு ஓடியாடிய அம்முதியவரைப் பித்தர் என எள்ளினோரும் உண்டு. 1851-ஆம் ஆண்டு பிரஷ்ய அரசு குழந்தைத் தோட்டங்களுக்குத் தடை விதித்தது. அவருடைய உறவினர் ஒருவரின் கருத்துகளை அவருடையனவாகப் பிறழ உணர்ந்ததே அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டு, தடை நீங்குவதைக் காணாமலே, பிரோபெல் மறைந்தார்.

அவரிடம் பயின்ற பெண்கள் அப்பணியைக் கைவிடவில்லை. நாடு கடந்தும் அதனைப் பரப்பினர். 1860-ஆம் ஆண்டு தடை நீக்கப்பட்டது. இன்று உலகெங்கும் குழந்தைப் பள்ளிகள் விளங்குகின்றன. பிரோபெலின் கல்லறைமீது கனசதுரம், உருளை, உருண்டை ஆகிய மூன்றும் கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவர் குழந்தைகளுக்குத் தந்த விளையாட்டுப் பொருள்களே அவருடைய நினைவுச் சின்னமாயின.

மாணவர்களே! குழந்தைகளின் உள்ளத்தை வளர்க்கும் தொழிலை நாளை உங்களுள் சிலர் மேற்கொள்ளலாம். அவர்க்கு நெஞ்சில் அன்பு வேண்டும். கையில் கணக்கேடும் வேண்டும். பின்னது குறைந்ததால் பிளாங்கன்பர்க் நிலையம் வீழ்ந்தது. முன்னது நிறைந்திருந்ததால் பிரோபெலின் பணி வாழ்கின்றது. தொழில் தொடங்காதோரும் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. உங்கள் இல்லத்துச் சிறு குழந்தையிடம் பேசும்போது, சொல்லும் ஒரு சொல்லையும் அன்போடு சொல்லுங்கள். அச்சொல் அக்குழந்தையின் நெஞ்சில் நெடுங்காலம் தங்கும்.