நூற்கண்ணிப் பின்னல்

தறியும் வேண்டா, ஊசியும் வேண்டா. விரல்களே கருவியாக அமையும் கைத்தொழில் நூற்கண்ணிப் பின்னலாகும். இடைக்கால இங்கிலாந்தில் பணப்பைக் கயிறுகளும், ஆடைகளைப் பிணிக்கும் நாடாக்களும் இம்முறையாற் பின்னப்பெற்றன.

ஐந்து நூல்களை மடித்துக் கண்ணிகளாக்கி, முனைகளை ஒன்றாக முடிந்து ஒரு முளையிற் கட்டுவர். இடக்கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றில் மூன்று கண்ணிகளையும், வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல்களில் இரண்டையும் மாட்டுவர். வறிதே நிற்கும் வலக்கைச் சுட்டுவிரல், இடக்கையின் முதலிரு கண்ணிகளினூடே நுழைந்து மூன்றாவதைப் பற்றி இழுக்கும். இடக்கையில் எஞ்சியவற்றை அடுத்த விரல்களுக்கு மாற்றியதும், அக்கைச் சுட்டுவிரல் அவ்வாறே வலக்கைக் கண்ணியைக் கொணரும். ஒவ்வொரு முறையும் கைகளை அகல விரித்தால் பின்னல் இறுகும். இருபுறமும் கண்ணியை அரைமுறுக்காகத் திருப்பி எடுத்தால் சதுரக் கயிறு விளையும். ஒருபுறம் மட்டும் திருப்பினால் தட்டை நாடா விளையும். திருப்பாது எடுத்தால் இரு தனி நாடாக்கள் விளையும்.

கைவழி வந்த கலை, கைகள் ஓய்ந்தால் மறையும். ஆயினும் 15-ஆம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் விரல்களுக்கு எழுத்துகளைப் பெயராக இட்டு இம்முறைகளை எழுதிவைத்தார். அக்கையெழுத்துப் படி இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அத்தகைய பழங்குறிப்புகளை ஆராய்ந்த நோயெமி ஷ்பைசர் என்னும் அம்மையார் 2000-ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். ஏட்டில் உறங்கிய பின்னல் மீண்டும் விரல்களில் விழித்தெழுந்தது. அறிந்த தொழிலைப் பிறர்க்கு விளங்க எழுதிவைத்தல், பின்வரும் தலைமுறைக்குச் செய்யும் பேருதவியன்றோ!