கடலல்லித் தண்டா, வெறும் கல்லா?

பனச்சமூட்டுக் குவாரியில் பொறுக்கிய கல்லில் ஏதோ வட்டமாகத் தெரிகிறதா? கடலல்லி (crinoid) என்னும் கடல்விலங்கின் தண்டுப் புதைபடிவம் என்ற எண்ணத்தை மறந்துவிடுங்கள். அங்கும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அடியில் கிடப்பவை கொண்டலைட்டும் சார்னோகைட்டும். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் வெந்து உருமாறிய பாறைகள். அப்போது கடலல்லியே தோன்றியிருக்கவில்லை. சிவப்பாக உருண்டிருப்பது கார்னெட். விரலில் கரியாக ஒட்டுவது கிராஃபைட்.

கடலல்லியைத் தேட வேண்டிய இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண், மழையில் அரித்து ஓடைகளாகக் கிடக்கிறது. நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் 1862-இல் வரையறுத்த ஊட்டத்தூர்ப் படிவுகளில் இதுவும் சேரும்.

அங்கே ஏமாற்றுவது பெலம்னைட்தான். கணவாய்க்கு உறவான ஓர் உயிரியின் உள்ளெலும்பு, துப்பாக்கிக் குண்டு போலப் பழுப்பாக, ஒரு முனையில் கூராக இருக்கும். பார்த்ததும் தண்டு என்றே தோன்றும். உடைந்த முகத்தைப் பாருங்கள். மாட்டுவண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் போல இழைகள் நடுவிலிருந்து விளிம்புவரை நெருக்கமாக ஓடினால் பெலம்னைட்.

கடலல்லித் தண்டு அப்படி அல்ல. காசுகளை அடுக்கிக் கோத்தது போன்றது. பெரும்பாலும் தனித்தனி வட்டாகவே கிடைக்கும். நடுவே ஊசித் துளை. வட்டமாகவோ ஐந்து முனை நட்சத்திரமாகவோ இருக்கும். காரைப் படிவின் காலத்தைச் சேர்ந்தவற்றில் நட்சத்திரத்தை எதிர்பார்க்கலாம். அதன் முகத்தில் ஐந்து பூவிதழ்கள் வரைந்தது போல வரிகள் தெரியும். உடைந்தால் இழை தெரியாது, ஒரே படிகமாகத் தட்டையாகப் பளபளக்கும். என்னைக் கேட்டால், பூவிதழ் தெரிந்துவிட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

கடல் முள்ளெலியின் முள்ளுக்கு நீளவாக்கில் வரி உண்டு, அடியில் கிண்ணம் போன்ற குழி, அடுக்கு கிடையாது. புழுக்குழாய் உள்ளே பொந்தாக, சுருண்டு கிடக்கும். களிமண்ணில் மின்னும் நார்க்கல் ஜிப்சம். நகத்தால் கீறினாலே தழும்பு விழும்.

சிலர் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். பெலம்னைட், முள், தண்டு, குழாய் எல்லாமே சுண்ணாம்புதான், எல்லாமே நுரைக்கும். ஜிப்சத்தைக் கழிக்க மட்டும் அது உதவும். அதற்கு நகமே போதும், மாதிரியும் கெடாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்துப் போங்கள். வட்டு கிடைத்தால் எடுக்குமுன் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எந்த ஓடை, எந்த மண்ணின் மேல் என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.