காய்ச்சல் இறங்கினால் நோய் போய்விட்டதா?

மழையும் குளிரும் தொடங்கினால் லயத்துக்கு லயம் இருமல் சத்தம்தான். "ரெண்டு பனடோல் போட்டா சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போகிறோம். ஒரு நாள் நின்றால் ஒரு பேர் போய்விடுமே என்ற கவலை நமக்கெல்லாம் உண்டு. சாதாரணத் தடிமன் என்றால் தானாகவே ஆறிவிடும். நிமோனியா என்றால் ஆறாது. இரண்டையும் பிரித்தறிவதே நமது இம்முறைப் பாடம்.

நிமோனியா என்றால் என்ன?

நுரையீரலுக்குள் மிகச் சின்னக் காற்றறைகள் உண்டு. கிருமி அங்கே இறங்கினால் சீழும் நீரும் அவற்றை நிறைக்கின்றன. காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. அதனால்தான் மூச்சு வேகமாகிறது. விறகடுப்புப் புகை சூழ்ந்த காம்பராவில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

கடை மருந்து என்ன செய்யும்?

பனடோல்: காய்ச்சலையும் உடம்பு நோவையும் குறைக்கும். கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் இறங்கியதும் நோயும் போய்விட்டது என்று நினைப்பதிலேதான் ஆபத்து. பெரியவர்கள் 500 மி.கி. குளிசை 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் எடுக்கக் கூடாது. தடிமனுக்கு விற்கும் பல குளிசைகளிலும் இதே மருந்துதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரல் கெடும்.

இருமல் பாணி: நிமோனியாவைக் குணமாக்காது. சின்னப் பிள்ளைகளை மயக்கத் தூக்கத்தில் ஆழ்த்தவும் கூடும்.

அஸ்பிரின்: பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மிச்சம் வைத்த கெப்சூல்: பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மருந்து நமக்குப் பொருந்தாமல் போகலாம். பாதியில் நிறுத்துவதும் தவறு. டாக்டர் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும்.

மூச்சை எண்ணுவோம்

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து, முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
2 மாதம் முதல் 1 வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
1 முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

இந்தக் கணக்கு வந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும். மூச்செடுக்கையில் கீழ் நெஞ்சு உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், வலிப்பு வந்தாலும், உதடு நீலித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 மூச்சு, நெஞ்சுக் குத்து, இரத்தம் கலந்த சளி ஆகியவை ஆபத்தான குறிகள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தடுமாற்றம் மட்டும் வரலாம்.

வடக்கு சொல்லும் பாடம்

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் சிலர் இறந்தார்கள். ஆராய்ந்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நிமோனியா போலத் தோன்றும் நோய்கள் வேறும் உண்டு. அதைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும், கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சேற்றிலோ வயலிலோ வேலை செய்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அங்கேயோ மகரகமையிலோ மருந்தேற்றிக்கொண்டு வந்த உறவினர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்குக் கிருமியை எதிர்க்கும் பலம் குறைவு. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோலால் அடக்கிக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, கொத்தமல்லித் தண்ணி கொடுக்கலாம். 1 வயது தாண்டிய பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் இருமலுக்கு இதம். 2, 4, 6 மாதத் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான மருந்தும் அவற்றில் இருக்கிறது.

ஒரு பேர் போனால் அடுத்த மாதம் உழைத்துக்கொள்ளலாம். போன உயிரை எந்தச் சம்பளத்தாலும் மீட்க முடியாது.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்: நம் பிள்ளையின் வயதுக்கு எத்தனை மூச்சு வந்தால் ஆபத்து?