சலினாஸ் கிராமத்தின் மறுபாதி

அன்புள்ள தம்பி,

முடி உதிர்வு மாத்திரைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நேற்று இரவு படித்தேன். காலையில் எழுந்து மறுபடியும் படித்தேன். முதல் முறை பெருமையாக இருந்தது, இரண்டாம் முறை கோபம் வந்தது. போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொழிலுக்கு வரும் மற்ற டாக்டர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஃபினாஸ்டிரைடு எந்த நொதியைத் தடுக்கிறது, டி.ஹெச்.டி. என்ற ஆண் ஹார்மோன் எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் நமக்குள் பேசத் தேவையில்லை. உங்கள் முதல் பத்திக்கு வருகிறேன். டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் தொடங்குகிறீர்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி 1974இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய அந்த ஆய்வு. அங்கே சில குடும்பங்களின் ஆண்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை, புராஸ்டேட் சுரப்பி பெரிதாகவில்லை, அந்த வழியைப் பிடித்துப் போய்த்தான் இந்த மாத்திரை பிறந்தது என்கிறீர்கள். உண்மைதான், நன்றாகவும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆண்கள் எப்படிப் பிறந்தார்கள் என்பதை ஏன் விட்டீர்கள்?

அவர்களில் பலர் பிறந்தபோது பெண் குழந்தை என்றே வீட்டார் நினைத்தார்கள். பெண்ணாகவே வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடைந்து, உடம்பு திரண்டு, ஆண் என்று தெரியவந்தது. கருவில் ஆண் குழந்தையின் வெளியுறுப்பு உருவாக டி.ஹெச்.டி. வேண்டும்; அதை உண்டாக்கும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. வழுக்கை விழாததற்கும் அப்படிப் பிறந்ததற்கும் காரணம் ஒன்றே. நீங்கள் சொன்ன பாதி இந்த மாத்திரையின் பலன். விட்ட பாதி இதன் எச்சரிக்கை. வாசகருக்கு ஆசை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், ரத்ததான முகாம்களை வைத்துத்தான். என்னோடு பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு சலித்திருக்கும், உங்களுக்குப் புதிது. ஓசூரில் முகாம் இல்லாத மாதம் ஏது? கம்பெனி ஆண்டு விழா, தலைவர் பிறந்தநாள், ரசிகர் மன்றம், எதற்கும் சிப்காட்டில் ஒரு கேண்டீன் ஓரமாகக் கட்டில் போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம், நானும் பல முகாம்களில் நின்றிருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பகுதி இருபத்திரண்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்கும் ஆண்கள். முடி மாத்திரை சாப்பிடுகிற வயதும் அதுதான். ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டவர் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமும், அதே வகையைச் சேர்ந்த டியூட்டாஸ்டிரைடு சாப்பிட்டவர் ஆறு மாதமும் கழித்தே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ரத்தம் கொடுக்க முடியும். டியூட்டாஸ்டிரைடில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து வாரம் ஆகும். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறக்கூடும், வயிற்றில் இருப்பது ஆண் கருவாக இருக்கக்கூடும் என்பதற்காக வைத்த விதி அது.

வாய்ப்பு மிகச் சிறியது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கரு ஆணாக இருக்க வேண்டும், ஆரம்ப மாதங்களாக இருக்க வேண்டும், அந்தப் பையின் ரத்தமே அந்தத் தாய்க்குப் போக வேண்டும். ஆனால் இதைத் தடுக்க ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கிறது. பதில்தான் வருவதில்லை. “மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?” என்று கேட்டால், “இல்லீங்க சார்” என்கிறான் பையன். அவன் பொய் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுவதுதான் அவனுக்கு மருந்து. முடி மாத்திரை ஷாம்பூவோடும் எண்ணெயோடும் சேர்ந்தது. நான் கேட்டு வாங்கிய பதில்களில் பாதி இப்படித்தான் வந்தன: முதலில் இல்லை என்பான், “தலைமுடிக்கு?” என்று தனியாகக் கேட்டால், “அது சாப்பிடறேன் சார்” என்பான்.

தம்பி, உங்கள் கட்டுரை அந்தப் பையனின் எண்ணத்தையே உறுதிப்படுத்துகிறது. ‘காலையில் பல் துலக்குவது போல ஒரு பழக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபினாஸ்டிரைடு அட்டவணை எச்-இல் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. இதைச் சாப்பிடும், நாற்பதைத் தாண்டிய சூப்பர்வைசர் ஒருவர் கம்பெனி ஹெல்த் செக்கப்பில் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்க்கிறார். இந்த மாத்திரை அந்த எண்ணை ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டும் என்று ரிப்போர்ட் படிக்கும் டாக்டருக்குத் தெரிந்தால் இரட்டிப்பாக்கிப் படிப்பார். யார் சொல்லப் போகிறார்கள்? பழக்கத்தை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

வீட்டுக்குள் நடப்பதும் அதேதான். காசு மிச்சம் என்று புராஸ்டேட்டுக்கான ஐந்து மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலாக வெட்டிச் சாப்பிடுகிறார்கள். வெட்டுவது பெரும்பாலும் மனைவி, சமையலறைக் கத்தியால். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருக்கிறது, தொட்டால் பாதகமில்லை. உடைந்த துண்டையும் தூளையும் கர்ப்பிணி கையால் தொடக் கூடாது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடம் இல்லை, ஆனால் பயோட்டினுக்கு இரண்டு பத்தி இருக்கிறது.

இரண்டாவது குறை இதைவிட என்னை வருத்தியது. ‘பக்க விளைவுகளை அதிகம் விவரித்தால் நோயாளிக்கு அவை வந்துவிடும்’ என்று எழுதி, 2007இல் வந்த இத்தாலிய ஆய்வைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். பாலியல் கோளாறு வரலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் 43.6 சதவீதம் பேருக்கு வந்தது, சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3 சதவீதம் பேருக்கு வந்தது. எண்கள் சரி. நீங்கள் எடுத்த முடிவு தப்பு. அது புராஸ்டேட் நோயாளிகளிடம் ஐந்து மில்லிகிராம் கொடுத்துச் செய்தது என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதோடு, சொல்லாமல் கொடுத்தவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வந்திருக்கிறதே, அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பயம் உடம்பைப் பாதிக்கும் என்றால் பயப்படுத்தாமல் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் வைத்தியன் வேலை. வாயை மூடிக்கொள்வதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

வாய் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் ஓசூருக்கு வந்த காலத்தில் முடிக்காக யாரும் டாக்டரிடம் வரமாட்டார்கள். வந்தால் தண்ணீரைக் குறை சொல்ல வருவார்கள். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலைக்கு வந்த பையன்கள், “ஊர்ல இருந்த வரைக்கும் கொட்டல சார், இந்த போர் தண்ணிதான்” என்பார்கள். இந்த மாவட்டத்துத் தண்ணீரின் உண்மையான கேடு ஃபுளோரைடு. அது பல்லையும் எலும்பையும் தின்றது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது அதற்காகத்தான். தலைமுடி கொட்டியது அப்பன் வழியிலும் அம்மா வழியிலும் வந்த சொத்து; அது இருபத்தைந்து வயதில் கொட்டும், அந்த வயதில்தான் அவர்கள் ஓசூருக்கு வந்திருந்தார்கள். இதை ஜூஜூவாடியிலிருந்து இராயக்கோட்டை வரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பேன். ஒருவரும் நம்பியதில்லை. நீங்கள் அதை ஆறு வரியில் நம்பும்படி எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி வளர்ந்தது, பெண் பார்க்கும் போட்டோ செல்போனுக்கு வந்தது, மாத்திரையும் வந்தது. அத்திப்பள்ளி தாண்டிப் போய் பெங்களூரில் சீட்டு வாங்கி வருவார்கள், மறு தடவை சீட்டு இல்லாமல் இங்கேயே வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு பையன். கல்யாணம் நிச்சயமானதும் மாத்திரை ஆரம்பித்திருக்கிறான். கல்யாணமாகிச் சில மாதங்களில் விரைப்புக் குறைந்தது. யாரும் அவனை முன்கூட்டி எச்சரிக்கவில்லை, அதனால் மாத்திரை மேல் சந்தேகமே வரவில்லை. தன் மேல் வந்தது. மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவரிடம் போய்ப் பெயர் தெரியாத லேகியத்துக்குப் பணம் கொட்டினான். அவர் முடி மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் அவன் வந்தது தோளில் இருந்த படைக்காக. நான் வழக்கமாகக் கேட்கிற “தலைமுடிக்கு?” என்ற கேள்வியில்தான் எல்லாம் வெளியே வந்தது. நிறுத்தினான், சில வாரங்களில் சரியானது. எல்லோருக்கும் அப்படிச் சரியாவதில்லை என்பதைத்தான் இன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு மில்லிகிராம் சோதனையில் முதல் வருடம் 3.8 சதவீதம் பேருக்குப் பாலியல் கோளாறு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். இரண்டையும் நீங்கள் எழுதியிருப்பது நேர்மை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. நிறுத்திய பிறகும் கோளாறு தொடர்ந்ததாக வந்த புகார்களை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2011, 2012 ஆண்டுகளில் லேபிளில் ஏற்றியது. 2022இல் தற்கொலை எண்ணத்தையும் சேர்க்கச் சொன்னது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டிரைடு மாத்திரையின் பக்க விளைவு என்று உறுதி செய்தது. புகார்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிகிராம், அதாவது முடிக்காகச் சாப்பிட்டவர்களுடையவை. எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கணக்கிட முடியவில்லை என்றும் அதே முகமை சொல்கிறது. பிரிட்டனில் 2024 முதல் பெட்டிக்குள் ஓர் எச்சரிக்கை அட்டை வைக்கிறார்கள். நம் கடையில் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுக்கிறார்கள், துண்டுச்சீட்டு பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது.

மனச்சோர்வை முதலில் கவனிப்பவர் கூட இருப்பவர். பாகலூர் ரோட்டில் ஓர் அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள், நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். ஒருவன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை என்பது யாருக்குத் தெரியும்? அதனால் இங்கே சீட்டு எழுதுமுன் முன்பு மனச்சோர்வு வந்ததுண்டா என்று கேட்க வேண்டும். மனசு மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவைக்கச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம், அதுவும் உண்மைதான்.

முடிக்கான இன்னொரு மருந்தான மினாக்ஸிடில் பற்றி இரண்டு மட்டும். 1979இல் அது பிரஷர் மாத்திரையாக வந்தது. இப்போது சிறு அளவில் முடிக்காக வாய்வழியே கொடுக்கிறார்கள். லைனில் எட்டு மணி நேரம் நிற்பவனுக்குக் கால் வீங்கினால் நின்றதால் என்றுதான் நினைப்பான், படபடப்பையும் காபி மேல் போடுவான். நீங்கள் எச்சரிக்க வேண்டும். இன்னொன்று, தலையில் தடவிய அப்பாவோடு ஒட்டிப் படுத்த கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகி, 2024இல் அங்கே எச்சரிக்கை வந்தது. குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவச் சொல்லுங்கள்.

மினாக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டுவதை நீங்கள் விளக்கிய பத்தி இருக்கிறதே, தமிழில் அப்படி ஒரு தெளிவை நான் படித்ததில்லை. பழைய முடி ஏன் இடம் விடுகிறது, ஏன் பயந்து நிறுத்தக் கூடாது என்பதைப் பத்தாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும்படி, ஒரு சொல்கூட மிகாமல் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிரதி எடுத்து என் அறையில் நோயாளிகள் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டேன். இப்படி எழுதத் தெரிந்தவர் ‘சொன்னால் பயப்படுவார்கள்’ என்று ஒதுங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அடுத்த இதழில் இரண்டாம் பாகம் எழுதுங்கள். சலினாஸின் மறுபாதியிலிருந்து தொடங்குங்கள், ரத்ததானத்துக்குத் தனிப் பத்தி கொடுங்கள். எழுதுவதற்கு முன் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு நடை போய், மருந்து எதிர்விளைவுப் படிவங்களில் இந்த மாத்திரையின் பெயர் எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளியே நேராகப் புகார் சொல்ல 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி ஆசிரியரிடம் நானும் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன், ஒரு தோல் மருத்துவன்