பட்டியலில் விட்டுப்போன பெயர்

பெரிய நிவாரண அமைப்பில் சேர விரும்பும் பிள்ளைகள், "என்ன படிக்கணும் சார்?" என்று கேட்பார்கள். எக்செல் தெரிந்திருக்கட்டும் என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் கரையோரங்களில் ஒரு பன்னாட்டு அமைப்புக்காக வேலை பார்த்தபோது, என் பொழுதில் பாதி பட்டியல் சரிபார்ப்பதிலேயே போனது. அரிசியோ பாத்திரமோ தற்காலிகக் குடியிருப்போ, அந்தத் தாளில் பேர் இருந்தால்தான் கிடைக்கும்.

மீனவக் கிராமங்களில் பட்டியல் கொடுப்பது ஊர்ப் பஞ்சாயத்து. அவர்கள் இல்லாமல் சண்டை சச்சரவின்றி ஒரு மூட்டைகூடப் பிரித்துக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் கணக்கு, ஊருக்கு வரி கட்டும் ஆண்களின் தலைக்கட்டுக் கணக்கு. கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்து, தலையெடுத்த மகனும் இல்லாத பெண், பல ஊர்களில் அதில் வரமாட்டாள். கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், பிச்சாவரம் பக்கம் கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் அப்படித்தான். படகு இல்லை, வலை இல்லை. ஆகவே அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று காகிதம் சொன்னது.

ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் ஊரின் கடைசித் தெருவிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். "யாருக்குக் கிடைக்கலை?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். "இந்தத் தெருவில் புருஷன் இல்லாத வீடு எது?" என்று கேளுங்கள். வந்த பேர்களைக் குற்றச்சாட்டாக இல்லாமல் 'விட்டுப்போன பேர்' என்று பஞ்சாயத்தாரிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். மறுத்தால், விநியோகத்தைத் தள்ளிவைக்கும் துணிச்சல் உங்கள் மேலாளருக்கு வேண்டும். எல்லா மேலாளருக்கும் அது இருப்பதில்லை.

பட்டியலைப் போலவே பொருளும் தேவைக்குப் பொருந்தாமல் போகும். சுனாமிக்குப் பிறகு சாலையோரம் பழைய துணி மலையாய்க் குவிந்து கிடந்தது, எடுக்க ஆளில்லை. பல ஊர்களில் ஃபைபர் படகுகள் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே வந்து இறங்கின. கொடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. நன்கொடைப் பணம் ஒரு தலைப்பில் வருகிறது, குறிப்பிட்ட தேதிக்குள் செலவாக வேண்டும், படகுக்கு வந்த காசில் கழிப்பறை கட்ட முடியாது. அதனால் நிதிப் பிரிவு ஆட்களோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை மாற்றும் கோரிக்கையை ஆண்டு முடிவில் எழுதாமல், தேவை மாறியது தெரிந்த வாரமே எழுதிவிடுங்கள்.

நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டையும் படியுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பதெல்லாம் அதில் இருக்கும் அளவுகள். ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் 'ஜனங்கள் கஷ்டப்படுகிறார்கள்' என்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். '60 பேருக்கு ஒரு கழிப்பறைதான் இருக்கிறது' என்றால் குறித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் இல்லாததால் இருட்டிய பின் பெண்கள் போகாத கழிப்பறைகளையும் பார்த்திருக்கிறேன். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் வயிற்றுப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிலை. ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். மருத்துவக் காப்பீடு களப்பணியாளருக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நேர்காணலில் கடைசியாக, ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். 'பட்டியலில் பேர் வராத ஒருவர் உங்களிடம் எப்படிப் புகார் சொல்வார், பதில் எத்தனை நாளில் போகும்?' என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு அமைப்பைப் பாருங்கள்.