பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

ஓசூரில் பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோடு கணினிச் சந்தை எட்டும் தூரம்தான். அங்கே பழைய ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டு மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு, கிராபிக்ஸ் கார்டை ஓட்டி நாணயம் தோண்டும் மைனிங்கைக் கைவிட்டது. அதற்காக இரவுபகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன.

மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். சிப் பெரும்பாலும் தாங்கும். தேய்வது விசிறியும் தெர்மல் பேடும்தான். கடையிலேயே அரைமணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடு விழுந்தாலோ, விசிறி கரகரத்தாலோ நடையைக் கட்டுங்கள். மைனிங்குக்காகக் கார்டின் பயாஸை மாற்றியிருக்கவும் கூடும். ஜிபியு-இசட் மென்பொருளில் பாருங்கள். சீரியல் எண் போட்ட பில் அவசியம், வாய்வார்த்தை வாரன்டி செல்லாது.

பிட்காயின் விலை ஏறினால் தோண்டலாம் என்று அவசரப்பட்டும் வாங்காதீர்கள். அதைத் தோண்டுவது ஏசிக் எனும் தனி இயந்திரம்.